இரண்டாவது ஓட்டத்தில் எதுவும் மாறக்கூடாது

சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு அன்னதான உபயம் பதிகிற சின்னத் தளம் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். கிளவுடில் ஒரு உபுண்டு சர்வர், 1 ஜிபி ராம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதுசாக எடுத்து எல்லாவற்றையும் கையால் தட்டிப் போடுவேன். ஏதாவது ஒன்று விட்டுப்போகும். இந்த முறை அன்சிபிள்: செய்ய வேண்டியதையெல்லாம் 'ப்ளேபுக்' என்ற ஃபைலில் எழுதிவிட்டால், அதன்படி சர்வரைத் தானே அமைத்துத் தரும். 2012இல் வந்த கருவி, எனக்கு இப்போதுதான் வேளை வந்தது. சர்வரில் எஸ்எஸ்எச்சும் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) பைத்தானும் இருந்தால் போதும் என்பதால்தான் இதை எடுத்தேன்.

சர்வர் பெயர்கள் இருந்த இன்வென்டரி ஃபைலை அப்பாவிடம் காட்டினேன். தோட்டத்தில் மண்டோராக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்க்கிறவராக, இருந்தவர். "பெரட்டுல பேர் கூப்பிடுற மாதிரியாடா?" என்றார். அதேதான்பா.

ப்ளேபுக்கின் முதல் ஓட்டம் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினால் 'அன்ரீச்சபிள்', சர்வரை எட்டவே முடியவில்லை. ஃபயர்வாலில் தளத்துக்கான 80, 443 வாசல்களைத் திறந்துவிட்டு, எஸ்எஸ்எச்சுக்கான 22ஐ மறந்து 'இனேபிள்' போட்டிருக்கிறேன். முதல் ஓட்டம் ஏற்கெனவே திறந்த இணைப்பிலேயே முடிந்துவிட்டதால் தெரியவில்லை. நல்ல வேளை, உபயப் பதிவு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்த சர்வரை அழித்தேன், வேறு எடுத்தேன், ப்ளேபுக்கில் 22ஐ முதலில் திறக்கும்படி மாற்றி ஓட்டினேன். போன வருஷம் இதே வேலைக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று.

ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் 'சேஞ்ச்டு' 1, அதாவது ஒன்று மாறியது, என்றே வந்தது. சர்வர் எழும்போது எந்த டிஸ்க்கை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்து பார்த்தால், ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) வரி மூன்று முறை, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஷெல் கட்டளையில் எக்கோ போட்டு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அதுவும் சொன்னபடி, ஏற்கெனவே இருக்கிறதா என்று பாராமல், ஓட்டத்துக்கு ஒன்று சேர்த்திருக்கிறது. அன்சிபிளின் 'லைன்இன்ஃபைல்' மாட்யூல் அப்படியில்லை, வரி இருந்தால் தொடாது, இல்லையென்றால்தான் எழுதும். மிச்ச இரண்டு வரிகளை அழித்து, இதை மாற்றி, இரண்டு முறை ஓட்டினேன். சேஞ்ச்டு 0. அந்தச் சுழியத்தைப் பார்க்க அவ்வளவு திருப்தி!

டேட்டாபேஸ் பேக்கப் இன்னும் ப்ளேபுக்கில் இல்லை. சர்வர் மறுபடி எழுந்தாலும் உபயக்காரர் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். பதிவு திறப்பதற்குள் அதை முடிக்க வேண்டும்.