பெயரில்லாத மனுக்கள்

கோவையில் ஒரு குறுந்தொழில் சங்கத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பே சேர்ந்தவள். சந்தா வசூல், கூட்டத்துக்கு டீ வடை சொல்வது, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்குச் செய்து கொடுப்பது என்று எல்லா வேலையும் உண்டு. ஆனால் முக்கியமான வேலை மனு எழுதுவதுதான். அமைச்சருக்கு, எம்பிக்கு, மின்வாரியத்துக்கு, வரித்துறைக்கு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களுக்கும். ஒரே மனு மூன்று கட்சிகளுக்குப் போனதும் உண்டு. மேலே இருக்கும் முகவரி மட்டும் மாறும்.

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் மெஷின். முதலாளியும் அவர்தான், ஆபரேட்டரும் அவர்தான். பம்ப்செட் கம்பெனிகளுக்கும் உதிரிபாகக் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார்கள். இரும்பு கம்பெனியிலிருந்து வரும், கடைந்து கொடுத்தால் கூலி. குறை என்னவென்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேசி முடித்து எழுந்து போகும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எழுதுங்க அம்மணி, பேரு மட்டும் போட்டுறாதீங்க."

அரசாங்கத்துக்கோ பெயர் வேண்டும். யார், எந்தக் கம்பெனி, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வேலை ஓடுகிறது.

பணம் வராத விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று 2006-இல் வந்த சட்டத்தைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சரக்கை ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாட்களில் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாட்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அப்படியும் வரவில்லை என்றால் முறையிட ஒரு கவுன்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடங்களில். 2017-இல் 'சமாதான்' இணையதளம் வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே புகார் கொடுக்கலாம். எல்லாம் இருக்கிறது, புகார் கொடுக்கும் ஆளைத் தவிர.

கணபதியில் ஓர் அண்ணன். ஒரு கம்பெனியிலிருந்து ஏழு மாதப் பாக்கி. பில்களையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். சட்டப்படி வட்டி போட்டுக் காட்டினேன். தொகையைப் பார்த்துச் சிரித்தார். "கேஸ் போட்டா பழைய பாக்கி வருமுங்க அம்மணி. அடுத்த மாசத்து வேலையை யாருங்க குடுப்பாங்க?" அவருடைய பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு கம்பெனியுடையது. அந்த உதிரிபாகத்தைப் பிடித்துக் கடைவதற்கென்றே ஜிக், ஃபிக்ஸர் என்ற கருவிகள் எல்லாம் செய்து வைத்திருந்தார். அதை வேறு யாருக்கும் பயன்படுத்த முடியாது. காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டவர், கம்ப்யூட்டரில் நான் போட்டிருந்த கணக்கையும் அழிக்கச் சொன்னார். அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

இப்படி வந்து போனவர்கள் பலர். ஆனால் சென்னையில் ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனபோது அவர் கேட்ட கேள்வி: "உங்க ஏரியாவுல இருந்து அப்படியொண்ணும் பெருசா புகாரே வரலையேம்மா?" அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்தது இணையதளத்தின் எண்ணிக்கை. அதில் கணபதி அண்ணன் இல்லை. அதன் பிறகு நாங்கள் உறுப்பினர்களின் பாக்கிகளைத் திரட்டி, பெயர்களை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று போட்டு, ஆடிட்டர் ஒருவரின் சான்றிதழோடு கொடுத்தோம். "இந்த 'ஆ' யாரு? வந்து பேசச் சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்றார்கள். 'ஆ' வரவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஆளே வராமல் வேலை செய்யும் ஓர் ஏற்பாடு 2023 பட்ஜெட்டில் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 'எச்' என்று ஓர் உட்பிரிவு. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவைத் தன் வருமானத்தில் கழிக்க முடியாது. என்றைக்குக் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். இதில் எனக்குப் பிடித்தது, யாரும் புகார் கொடுக்கத் தேவையில்லை என்பது. வாங்கியவருடைய ஆடிட்டரே கேட்பார். 2024 மார்ச்சில் அது நன்றாகத் தெரிந்தது. வருடக்கணக்காக ஃபோன் எடுக்காத கம்பெனிகளிலிருந்து, "உங்க உத்யம் நம்பர் அனுப்புங்க, பேமெண்ட் போடணும்" என்று தானாகவே அழைப்பு வந்ததாக உறுப்பினர்கள் சொன்னார்கள்.

அதே மாதத்தில் வேறு மாதிரி அழைப்புகளும் வந்தன. உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, இல்லையென்றால் வேலை கிடையாது என்றார்கள் சிலர். நடுத்தர நிறுவனத்துக்கு இந்த விதி பொருந்தாது என்பதால் வேலையை அந்தப் பக்கம் மாற்றினார்கள் சிலர். உடனே எங்கள் சங்கத்துக்குள்ளேயே சண்டை. இந்த விதி இன்னும் கடுமையாக வேண்டும் என்று பாதிப் பேர், ஓராண்டு தள்ளிவைக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று பாதிப் பேர். அந்தக் கூட்டக் குறிப்பை எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிறுதொழில் என்றால் ஒரே குரல் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020 ஜூலை முதல் ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் நடுத்தர நிறுவனம்; 2025 ஏப்ரல் முதல் அது 500 கோடி ஆகிவிட்டது. 500 கோடிக்காரரும் இரண்டு லேத் வைத்திருப்பவரும் அந்த 2006 சட்டத்தின் ஒரே குடைக்குள்தான் வருகிறார்கள். ஆனால் ஒருவர் வேலை கொடுப்பவர், இன்னொருவர் பாக்கிக்காக அவர் வாசலில் நிற்பவர். சங்கங்களில் பொறுப்புக்கு வருவது பெரும்பாலும் முதலாமவர்தான். பட்டறையை விட்டுவிட்டு டெல்லிக்கும் சென்னைக்கும் போய்வர அவருக்குத்தான் முடியும். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு என்று இருப்பவர் எப்படிப் பொறுப்புக்கு வருவார்?

ஜாப் ஒர்க் வரியில் மட்டும் நாங்கள் எல்லோரும் ஒன்றாக நின்றோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம். இரும்பும் நம்முடையதில்லை, பொருளும் நம்முடையதில்லை, கூலிக்கு எதற்கு இவ்வளவு வரி என்பதுதான் முதல் மனுக்களின் சாரம். அதை அதிகாரிகள் ஒரே வரியில் தட்டிவிட்டார்கள். "நீங்க கட்டுற வரியை உங்க கம்பெனி இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கிறாங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?" அதாவது, கம்பெனி தான் கட்ட வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளும். காகிதத்தில் அவர்கள் சொன்னது சரிதான். அப்புறம் மனுவை மாற்றினோம். பில் போட்ட அடுத்த மாதமே வரி கட்ட வேண்டும். பில்லுக்கான பணம் வருவதோ ஆறு மாதம் கழித்து. ஆக, கம்பெனி எடுத்துக்கொள்ளப் போகும் கிரெடிட்டுக்கு லேத் பட்டறைக்காரர் வட்டிக்கு வாங்கி முன்பணம் கட்டுகிறார். இதைச் சொன்ன பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய நிதியமைச்சரோடு எல்லா மாநிலங்களின் அமைச்சர்களும் உறுப்பினர்கள். அதனால் டெல்லிக்கு மட்டும் மனு கொடுத்தால் போதாது. சென்னையில் நம் நிதியமைச்சருக்குக் கொடுக்க வேண்டும். கவுன்சிலுக்கு முன் விகிதங்களை அலசும் ஃபிட்மெண்ட் கமிட்டி அதிகாரிகளின் மேஜைக்கும் போக வேண்டும். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வது அமைச்சரோடு. மனு உண்மையில் போய்ச் சேர்வது, பெயரே கேள்விப்படாத ஓர் அதிகாரியிடம். 2019 செப்டம்பரில் கோவாவில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் 18 சதவீதம் 12 ஆனது. எங்கள் மனுவால்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எத்தனையோ சங்கங்கள் கொடுத்திருந்தன. அன்று அலுவலகத்தில் ஸ்வீட் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே கூட்டத்தில் கல் வைத்த வெட் கிரைண்டருக்கும் வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. புவிசார் குறியீடு பெற்ற கோவையின் பொருள் என்பதால் ஊருக்கே சந்தோஷம். 2022 ஜூலையில் அது 18 ஆகிவிட்டது. பம்ப்செட்டும் 12-லிருந்து 18-க்குப் போனது. 2025 செப்டம்பரில் 12 சதவீத அடுக்கையே எடுத்தபோது, எங்கள் ஜாப் ஒர்க்கும் பழைய 18-க்கே திரும்பியது. பழைய மனுவின் ஃபைலை மறுபடி திறந்து, தேதியையும் அமைச்சர் பெயரையும் மாற்றினேன். வாதம் ஒரு வரிகூட மாறவில்லை.

மின்கட்டணத்தில்தான் ஆட்கள் பெயரோடு வந்தார்கள். 2022 ஆகஸ்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. அங்கே மைக்கில் பெயரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். எங்களிடம் பெயரை மறைக்கச் சொன்னவர்களே வரிசையில் நின்று பேசினார்கள். யோசித்தால் காரணம் தெரிந்தது: மின்வாரியம் ஆர்டரை நிறுத்தாது. இவர்களுக்கு அரசாங்கத்தின் மீது இருப்பதைவிட, வேலை கொடுப்பவர் மீதுதான் பயம் அதிகம். கரண்ட் எவ்வளவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்தது, அந்த ஆண்டு இரு மடங்குக்கும் மேலானது. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைப்பு செய்தன. அதன் பின் 12 கிலோவாட்டுக்குக் குறைவாக இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான தொழில் கட்டணமான 3-பி-யிலிருந்து, அதைவிடக் குறைவான 3-ஏ1 கட்டணத்துக்கு மாற வழி கிடைத்தது. சின்னப் பட்டறைகளுக்கு அது நிஜமான நிம்மதி. அதற்கு மேலே இருப்பவர்கள் நிலைக்கட்டணத்தை இன்னும் திட்டிக்கொண்டுதான் கட்டுகிறார்கள்.

பெயரோடும் முகத்தோடும் தனியாகப் பேசினால் என்ன ஆகும் என்பதை 2024 செப்டம்பரில் ஊரே பார்த்தது. மத்திய நிதியமைச்சர் கோவைக்கு வந்திருந்த கூட்டத்தில் ஓர் ஓட்டல்காரர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று கேலியும் பணிவுமாகச் சொன்னார். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியும் புரியவைக்க முடியாததை அந்த ஒரு பன் புரியவைத்தது. அடுத்த சில நாட்களில் அவர் அமைச்சரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்கும் காட்சியும் வெளியானது. தனிப்பட்ட உரையாடல் வெளியானதற்காக மாநில பாஜக தலைவர் வருத்தம் தெரிவித்தார். அந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவரும் பன்னைப் பற்றிப் பேசவில்லை. "பாத்தீங்களா அம்மணி, அதுக்குத்தான் பேரு வேண்டாங்கறது" என்பதுதான் பேச்சு. ஊரறிந்த பெரிய ஓட்டல்காரருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று அவர்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சங்கம் எதற்கு என்று புதிதாக வரும் இளம் பட்டறைக்காரர்கள் கேட்கும்போது நான் இதைத்தான் சொல்கிறேன். நீங்கள் சொல்ல முடியாததை லெட்டர்பேடு சொல்லும், அதற்குத்தான் சந்தா. ஆனால் லெட்டர்பேடுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2006 சட்டத்தின் 18-வது பிரிவுப்படி கவுன்சிலுக்குப் போக வேண்டியவர் தகராறில் சம்பந்தப்பட்டவர்தான். சங்கம் அவர் சார்பில் வழக்குப் போட முடியாது. சங்கமே தொகுத்து முறையிடலாம், உறுப்பினர் பெயர் விசாரணை முடியும்வரை மறைக்கப்படலாம் என்று சட்டத்தைத் திருத்தக் கேட்டு ஒரு கோரிக்கையை மனுக்களில் தொடர்ந்து சேர்த்து வருகிறேன். யார் கேட்கிறார் என்று தெரியாமல் எதிர்த்தரப்பு எப்படிப் பதில் சொல்லும் என்று ஒரு வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்விதான். பத்துப் பதினைந்து பேர் பாக்கியை ஒரே கம்பெனி மீது சேர்த்துக் கொடுத்தால் தனியாக ஒருவரைப் பழிவாங்க முடியாதே என்றேன். அதற்கு அவர் தலையாட்டினார்.

இந்த முறை மனுவை இறுதி செய்யும் செயற்குழுவில் அந்தக் கோரிக்கையை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். ஜாப் ஒர்க் வரிதான் முதலில் இருக்க வேண்டும், நிலைக்கட்டணம் இரண்டாவது என்று பெரும்பாலோர் சொன்னார்கள், அதில் தப்பில்லை. மூத்த நிர்வாகி ஒருவர் மட்டும், இது இப்போதைக்கு வேண்டாமே, நமக்குள்ளேயே மனவருத்தம் வரும் என்றார். எங்கள் பாக்கிப் பட்டியலில் பெயரை எடுத்துவிட்ட, பணம் தர வேண்டிய கம்பெனிகளில் அவருடையதும் ஒன்று. அது அந்த அறையில் எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த இரண்டு பேரும் குனிந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கோரிக்கையை நீக்கவில்லை, மூன்றாவதாகப் போட்டோம். மனு போன வாரம் சென்னைக்குப் போய்விட்டது.