கட்டை விரலுக்குத் தெரிந்திருந்தது

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். ஐப்பசி மாதம், தாளடி நடவு நடந்துகொண்டிருந்த நேரம். அந்த அம்மாவைத் திண்ணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வயது அறுபதை ஒட்டி இருக்கும். சிறுமியாக இருந்த நாளிலிருந்து நடவுக்குப் போனவர். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. வலது கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பிசியோதெரபிஸ்டாக நான் வீடு வீடாகப் போக ஆரம்பித்து அப்போது மூன்றாவது வருடம். அந்த வீட்டுக்கு அது ஐந்தாவது முறை.

முந்தைய நான்கு முறையும் ஒரே கதைதான். "இடது கையைத் தூக்குங்கம்மா" என்றால் என் முகத்தையே பார்ப்பார். நான் தூக்கிக் காட்டினால் அவர் கை மடியில் கிடக்கும், இல்லையென்றால் அரைகுறையாக எங்கோ சுழன்று நிற்கும். அந்தக் கையில் பலத்துக்குக் குறைவே இல்லை. மருமகள் என் எதிரிலேயே சத்தம் போடுவார்: "நல்லா இருக்கற கையைத் தூக்கறதுக்கு என்னத்த வலிக்குது? டாக்டரம்மா வேலை மெனக்கெட்டு வர்றாங்கல்ல?" நான் நோட்டில் எழுதியிருந்தேன்: சொல்வது புரியவில்லை, ஒத்துழைப்பு இல்லை. எழுதியதோடு விடாமல் வீட்டாரிடம் வாயாலும் சொன்னேன். அந்த வீட்டில் அவர்மேல் விழுந்த ஏச்சுக்கெல்லாம் என் சொல்தான் அத்தாட்சி ஆனது. இன்றும் எனக்கு அது உறுத்துகிறது.

அன்றைக்கு மருமகள் வயலிலிருந்து மிச்ச நாற்று முடிகளைக் கொண்டுவந்து திண்ணையில் போட்டிருந்தார். உட்கார இடம் வேண்டி ஒரு முடியை எடுத்து அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினேன். அவருடைய இடது கை அதை வாங்கிக்கொண்டது. முடியை உள்ளங்கையில் அணைத்துப் பிடித்தார். கட்டை விரல் முன்னுக்கு வந்து, இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து விரல் நுனிக்குத் தள்ளியது. பிறகு அடுத்த இரண்டு மூன்று. வலது கை வாங்கி நடுவதற்காகத் தள்ளிய நாற்று அது. வலது கை வரவில்லை. நாற்றுகள் ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்ற வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு ஏப்ராக்சியா என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் ஹூகோ லீப்மன் 1900இல் விரிவாக எழுதிவைத்த குறைபாடு. நானும் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தசையில் பலம் இருக்கும், தொட்டால் உணர்வு இருக்கும். ஆனால் 'செய்' என்று சொன்னாலோ செய்து காட்டினாலோ கை வராது. அதே காரியம், அதற்குரிய பொருள் அதற்குரிய இடத்தில் கையில் பட்டதும் பலருக்கு வந்துவிடும். இத்தனையும் தெரிந்த நான் நான்கு முறை அவரிடம் கேட்டது 'கையைத் தூக்குங்கள்' என்றுதான். வயலில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. காற்றில் வெறும் கையைத் தூக்கும் வேலை அவர் ஆயுளில் ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயிற்சி என்றால் முறம், புளி, கீரைக்கட்டு. மாசி மாதம் வலது கை அரைகுறையாக வந்தது. பேச்சு நாலைந்து சொல்லுக்குமேல் வரவில்லை. மருமகளிடம் நான் சொன்னது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

உணர்வு, பிரக்ஞை என்று பெரிய சொற்களில் பேசப்படும் விஷயம் எங்கள் தொழிலில் ஒரு சின்னக் கேள்வியாகத்தான் வரும்: "இவருக்குத் தெரியுதா, இல்லையா?" வீட்டார் கேட்பார்கள், மருத்துவர் கேட்பார். தலைக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து கைகாலை ஓட்டிக்கொண்டிருப்பது போலவும், அந்த ஆளிடம் பேசிப் பார்த்தால் போதும் என்பது போலவும்தான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஒரு ஆள் தனியாக இருப்பதாக எனக்கு இப்போது தோன்றவில்லை. அந்த எண்ணம் எனக்குப் புத்தகத்தில் உடையவில்லை, ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது.

கும்பகோணத்தில் ஒரு கல்யாணச் சமையல்காரர். மூளையின் வலது பக்கம் அடைப்பு, இடது கைகால் பாதிப்பு. ஐந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்று கேட்டால் மளமளவென்று சொல்வார். அவர் வீட்டுப் புகார் ஒன்றுதான்: இலையில் பாதியைச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார், கேட்டால் "உப்பே வைக்கலையே" என்று கோபிக்கிறார். நான் போனபோது சாப்பாட்டு வேளை. இலையின் இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் இருந்தன. அவர் கை வலது பக்கத்தில் மட்டுமே உலாவியது. பரிமாறிய வீட்டம்மாவிடம் அனுமதி கேட்டு இலையை அப்படியே திருப்பினேன். அவருக்கு மனசு பதறியது. நுனி இடது பக்கம்தானே வரவேண்டும். இவர் உப்பைப் பார்த்தார். "இப்பதான் வச்சியா?" என்றார். உடனே, "ஏன் இலையை மாத்திப் போட்டிருக்கே?" என்றார்.

அந்த இரண்டாவது கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்ற விதி அவரிடம் பத்திரமாக இருக்கிறது. இடப்பக்கம் என்ற ஒன்றுதான் அவருக்கு இல்லை. கண்ணில் கோளாறில்லை, புத்தியில் கோளாறில்லை. ஒரு நாள் அவருடைய இடது கையைப் பிடித்து அவர் வலது கையில் வைத்து, "இது யார் கை?" என்று கேட்டேன்.

"தம்பி கை."

"தம்பி எங்க இருக்காரு?"

"சிங்கப்பூர்ல."

"அப்ப கை எப்படி இங்க வந்துச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் எனக்கும் புரியலைம்மா" என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. தன் உடம்பில் ஒரு பாகம் செயலிழந்ததே தெரியாமல் இருக்கும் நிலைக்கு 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி அனோசக்னோசியா என்று பெயர் வைத்தார். இவ்வகை நோயாளிகள் சிலருக்கு இடது காதில் குளிர்ந்த நீரை விட்டால், சிறிது நேரத்துக்கு இடது பக்கமும் குறையும் தெரிய ஆரம்பித்து, பிறகு திரும்பவும் மறைந்துவிடுகின்றன. வாதாடி எட்ட முடியாத ஓர் இடத்தைக் காதில் விட்ட நீர் எட்டுகிறது! உள்காதில் இருப்பது உடம்பின் சமநிலையைச் சொல்லும் உறுப்பு. 'நான் இங்கே இருக்கிறேன், என் எல்லை இதுவரை' என்ற அறிவே இப்படிப்பட்ட சேதிகளைச் சேர்த்துக் கட்டியதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சேதி நின்றுபோவதை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். சர்க்கரை வியாதி முற்றியவர்கள் சொல்வார்கள்: "செருப்பு கழண்டதே தெரியலைம்மா, பாதி வழி போயித்தான் குனிஞ்சு பாத்தேன்." இன்னொன்றும் சொல்வார்கள்: முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆளைத் தள்ளுகிறது. கால் எங்கே இருக்கிறது என்று கால் சொல்வது நின்றுவிட்டதால் கண் அந்த வேலையைப் பார்க்கிறது. கண்ணை மூடினால் அதுவும் போகிறது. கண்ணை மூடியும் நம் கைகால் இருக்கும் இடம் நமக்குத் தெரிகிறதே, அந்தப் புலனுக்கு ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஷெரிங்டன் 1906இல் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயரிட்டார். அதைக் கழுத்துக்குக் கீழே முழுவதுமாக இழந்தவர் இங்கிலாந்தின் இயன் வாட்டர்மன். 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் நேர்ந்தது. தசைக்குப் போகும் நரம்புகளில் குறையில்லை, ஆனாலும் விழுந்தார். ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனதால் திட்டமிட்டு, நடக்கவே புதிதாகக் கற்றார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுவார். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரையும் காலைத் தடவிப் பார்க்கச் சொல்லும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். நடப்பது நமக்கு எவ்வளவு இலவசமாகக் கிடைத்திருக்கிறது!

குத்தாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வழியில் திருவாவடுதுறை. திருமூலர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று அழ, வழிப்போக்கரான சித்தர் அவன் உடலுக்குள் புகுந்தார். பசுக்கள் மோந்து நக்கி மகிழ்ந்தன. அவை ஊர் நோக்கி முன்னே போக, இவர் பின்னால் நடந்தார். திரும்பி வந்து பார்த்தால் வைத்துவிட்டுப் போன சொந்த உடல் இல்லை. உயிர் உடம்பு விட்டு உடம்பு போகலாம் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்குப் பசுக்கள்தான் நினைவில் நிற்கின்றன. அவை அவரிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நான் போகும் வீட்டில் 22 வயதுப் பையன். பைக் விபத்து, தலையில் அடி. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று மாதம் வைத்திருந்து, "இனிமே ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கில் உணவுக்குழாய். கண் திறக்கும், மூடும். கூப்பிட்டால் பதில் இல்லை. அம்மா மட்டும், "அவனுக்குத் தெரியுது" என்பார்.

தாய் மனசு என்று ஒதுக்கிவிட முடியாது. 2009இல் வந்த ஓர் ஆய்வில், உணர்வற்ற நிலை என்று மருத்துவக் குழு முடிவுசெய்த 44 பேரை முறையான அளவுகோலால் சோதித்தார்கள். 18 பேரிடம் உணர்வின் அடையாளங்கள் இருந்தன. அதைப் படித்த அன்று என் பழைய நோட்டுகளை எடுத்துவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உணர்வுக்கு உடம்பு வேண்டும் என்று நான் சொல்லிவருவதை, என்னோடு பயிற்சிக்கு வரும் மாணவி ஒரு நாள் மடக்கிக் கேட்டாள். 2006இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழு வெளியிட்டதை அவள் படித்திருந்தாள். சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 23 வயதுப் பெண்ணை, மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேனரில் படுக்க வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் வீட்டின் அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு மூளையில் எந்தெந்தப் பகுதிகள் விழித்தெழுமோ அவையே அந்தப் பெண்ணுக்கும் எழுந்தன.

"அப்ப உடம்பே அசையாட்டியும் உணர்வு இருக்குல்ல மேடம்? உடம்பு வேணும்னு நீங்க சொல்றது எப்படி?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் அதையே சுமந்துகொண்டு வண்டி ஓட்டினேன். அவள் சொன்னது சரி. அசைவு இல்லாததால் ஆள் இல்லை என்று எழுதக் கூடாது. 2024இல் வந்த பெரிய ஆய்விலும், கட்டளைக்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை அந்தக் கட்டளைக்குப் பதில் சொல்லியிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணிடம் என்ன கேட்டார்கள் என்று பார். பந்தை அடி, வீட்டுக்குள் நட. உள்ளே இருப்பவரைக் கூப்பிட, கைக்கும் காலுக்கும் தெரிந்த வேலையைத்தான் சொல்லவேண்டி வந்தது. அசையாமல் கிடந்தபோதும் அந்தப் பெண்ணிடம் மட்டை வீசிய தோள் இருந்தது, படியேறிய முழங்கால் இருந்தது. மாணவியிடம் இதைச் சொன்னேன். அவள் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. "நம்ம ஊர்ல ஸ்கேனர் இருந்தா என்ன கேப்பீங்க?" என்றாள். நாற்றுப் பிரிக்கச் சொல்வேன் என்றேன்.

ஸ்கேனர் இல்லை. எனக்கு இருப்பது இரண்டு கை. பையனின் பிடரிக்குக் கீழே என் உள்ளங்கையைக் கொடுத்து வைத்திருந்தேன். கழுத்து கயிறு மாதிரி முறுக்கியிருந்தது. அவன் அம்மா உள்ளே வந்து, எண்ணெய் தொட்ட கையை அவன் உச்சந்தலையில் வைத்தார். என் உள்ளங்கையில் முறுக்கு தளர்ந்தது. அவர் கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகியது. பக்கத்து வீட்டு அக்காவை அதே எண்ணெயோடு வைக்கச் சொன்னேன். தளரவில்லை.

இதை வைத்து உணர்வு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அனிச்சையாகவும் இருக்கலாம், நான் ஆசைப்பட்டதை என் கை உணர்ந்திருக்கலாம். இப்படிப்பட்டவர்கள் ஒரு நேரம் போல் ஒரு நேரம் இருக்க மாட்டார்கள்; சில நாட்களுக்குள் ஐந்து முறையாவது பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. ஆகவே ஒரே வாரத்தில் ஐந்து நாள் போனேன். கண் எதையாவது பின்தொடர்கிறதா என்று பார்க்க, பேனாவைவிட முகம் பார்க்கும் கண்ணாடிதான் மேல். தன் முகத்தை விட்டுக் கண் எளிதில் விலகாது. அவர்கள் வீட்டுச் சின்னக் கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல நகர்த்தினேன். மூன்று நாள் ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் காலை, குளிப்பாட்டித் துடைத்திருந்த நேரம், இடது பக்கமாக நகர்த்தியபோது இரண்டு கண்ணும் கூடவே வந்தன. மறுபடி நகர்த்தினேன். மறுபடி வந்தன. வலது பக்கம் வரவில்லை. நோட்டில் நேரத்தைப் போட்டு எழுதினேன்: கண்ணாடி, இடப்பக்கம், நாலு தடவையில் மூன்று.

அவன் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும், "கையில என்ன குடுக்கலாம்னு சொல்லும்மா" என்றார். அவன் என்ன வேலை பார்த்தான் என்று கேட்டேன். நாலு மாதமாகப் போய்வரும் வீட்டில் அதை அன்றைக்குத்தான் கேட்டேன். "மெக்கானிக்கு. டிராக்டர் பட்டறையில" என்றார். மறுநாள் வரும்போது பட்டறையில் சொல்லி ஒரு பழைய ஸ்பேனர் வாங்கி வைக்கச் சொன்னேன், அவன் கை பட்டதாகப் பார்த்து.