இறுகிப்போன கிளட்ச்

சாரல் காலத்தில் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போனால்தான் கிளட்ச்சின் குணம் தெரியும். புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்ததில், போன வாரம் இடது கை விரல்கள் மரத்தே போய்விட்டன. வண்டி 2001 மாடல் ஸ்ப்ளெண்டர், அப்பா ஓட்டியது.

"கிளட்ச் பிளேட்டை மாத்திருங்க அண்ணாச்சி" என்றான் பக்கத்துக் கடைத் தம்பி. பிளேட் தேய்ந்தால் வண்டி இழுக்காது, கையில் பிடிக்கும் லீவர் ஏன் இறுகப்போகிறது? லீவரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிளை இன்ஜின் பக்கம் கழற்றிவிட்டு லீவரைப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் நறநறவென்றது. சரி, கோளாறு இன்ஜினுக்கு மேலே, லீவரிலோ கேபிளிலோதான்.

லீவர் போல்ட்டைச் சுற்றிப் பழைய கிரீஸ் சேறாகக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தேன். அப்புறம் கேபிளை முழுதாக உருவி, கொல்லையில் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி, மேல் முனையில் புனல் போல இறுக்கிக் கட்டி, நாலு ஸ்பூன் இன்ஜின் ஆயில். காலையில் கீழே வைத்த சிரட்டையில் துருக்கலந்த கறுப்புத் தண்ணீர் போல வடிந்திருந்தது. (உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். கம்பி இழை ஒன்று பிய்ந்திருந்தாலும் புதுசு வாங்கிவிடுங்கள்.)

மாட்டும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பி, கேபிள் எங்கும் மடங்காமல் பார்த்துக்கொண்டேன். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட விட்டேன்.

நேற்று தென்மலை வரை இரண்டு விரலிலேயே ஓட்டினேன். அம்மாவுக்குத்தான் நல்ல சிரட்டை போன கோபம்.