தாசில்தாரும் மாமியும் என் கெண்டைக்காலும்

"இத்தன வருஷமா இந்தப் பூனைக்குச் சோறு போடுற, இன்னும் உன்னப் பாத்தே சீறுதே, நன்றிகெட்ட ஜென்மம்" என்று கீழ்வீட்டு அக்கா சொல்லாத வாரமில்லை. திருவல்லிக்கேணியில், ஒரு ஸ்கூட்டர் வந்தால் எதிரே வருகிறவர் திண்ணையில் ஏறி நிற்கவேண்டிய சந்தில் எனக்குத் தையல்கடை. ராத்திரி கடையைச் சாத்தியதும் பின்கட்டில் ஏழெட்டுப் பூனைகளுக்குத் தட்டு வைப்பேன். ஜாம்பஜாரில் மலிவாகக் கிடைக்கும் மத்தித் தலை, வால், உப்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்த சோறு. அவற்றில் ஒன்றுகூட என் மடியில் ஏறியதில்லை. ஏறும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

பூனைக்குட்டி மனிதர்களோடு பழகுவதற்கு ஒரு பருவம் உண்டு. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைக்கும். அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் சுவரிடுக்கிலேயே வளர்ந்த பூனைக்கு நான் யார்? சோறு வைக்கிற, எந்த நிமிஷமும் அமுக்கிப் பிடித்துவிடக்கூடிய ஒரு பெரிய மிருகம். அது என்னைப் பார்த்துச் சீறாவிட்டால்தான் ஆச்சரியம்.

சீறுகிற பூனையை எனக்குப் பிடிக்கும். "அங்கேயே நில்லு" என்று வாய்விட்டுச் சொல்கிறது. நின்றுவிட்டால் கதை முடிந்தது. நான் பயப்படுவது சத்தம் போடாததற்குத்தான். உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, காதை மண்டையோடு சப்பையாக மடக்கி, பட்டப்பகலிலும் கண்மணி முழுக்க விரிந்து கறுத்து, வால்நுனி மட்டும் படபடவென்று அடிக்கும். மூலையில் அகப்பட்ட பூனை அப்படித்தான் இருக்கும். அதற்கு வழிவிட்டு ஒதுங்குவதைத் தவிர அங்கே நமக்கு வேலையில்லை. குனிந்து "வா கண்ணா" என்று கொஞ்சினால் பாய்ந்துவிடும்.

எங்கள் சந்தின் பெரிய கடுவனுக்குத் தாசில்தார் என்று பெயர். இரண்டு கன்னமும் உப்பி, காதெல்லாம் கிழிசல். காயடிக்காத கடுவனுக்கு அந்தக் கன்னம் ஆண் ஹார்மோன் செய்கிற வேலை. முன்பு எல்லாத் தட்டையும் பந்தி மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். இவர் நடுவில் வந்து உட்கார்ந்ததும் மற்றவை சுவரேறிவிடும், மீறி நின்றது அறை வாங்கும். இப்போது தட்டுகள் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருக்கின்றன: ஒன்று படிக்கட்டின் கீழ், ஒன்று துவைக்கிற கல்லுக்குப் பின்னால், நோஞ்சான்களுக்குச் சன்ஷேடின் மேல். தாசில்தாருக்குத்தான் முதல் தட்டு. அநியாயம்தான், ஆனால் அவர் வாய் நிறைந்திருக்கும் நேரத்தில் மற்றவை சாப்பிட்டுவிடுகின்றன. நேரமும் மாறாது, ஒன்பதரை. பசியோடு காத்திருக்க வைத்தால் சண்டை இரட்டிப்பாகும்.

கையால் ஊட்டுவதில்லை. விரலுக்கும் மத்திக்கும் வாசனையில் என்ன வித்தியாசம்?

மாமி வேறு ரகம். சாம்பல் வரிப் பெட்டை. போன பிரசவத்தில் வாட்டர் டேங்குக்கு அடியில் குட்டி போட்டுவிட்டு, தண்ணீர்க்கேன் போடுகிற பையனின் முழங்காலில் பாய்ந்துவிட்டாள். அவன் குச்சி எடுக்கிறேன் என்றான். "தம்பி, அவ உன்ன அடிக்கல, குட்டிகிட்ட போகாதன்னு சொல்றா" என்று சொல்லி, கேனை வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். டேங்குக்கு முன்னால் பழைய பிளைவுட் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தேன். ஆளைப் பார்க்காவிட்டால் பாதிக் கோபம் எழுவதே இல்லை. குட்டிகள் வெளியே வந்து தாமே தின்னத் தொடங்கியதும் மாமி பழையபடி வெறும் சீறலுக்கு வந்துவிட்டாள். குச்சி எடுத்திருந்தால் அந்தப் பையனை அவள் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

கெண்டைக்கால் கதைக்கு வருகிறேன். ஒரு மார்கழி ராத்திரி, தாசில்தாரும் வெளிச்சந்துக் கறுப்பும் மதில்மேல் முகத்தோடு முகம் வைத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே பட்டாணி என்கிற பயந்தாங்கொள்ளி, உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தட்டெடுக்க அதன் பக்கத்தில் நடந்தேன். என்மேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை. மேலே இருக்கிறவர்கள்மேல் காட்டமுடியாததைக் கிட்டே அசைந்த காலில் காட்டியது, அவ்வளவுதான். அந்த வெறி தணிய மணிக்கணக்காகும், சிலதுக்கு மறுநாள்கூட ஆகும். அதுவரை அந்தப் பக்கம் போகக்கூடாது. இரண்டு கடுவன்கள் கட்டிப்புரண்டால் கையை நுழைக்கவே கூடாது. தகரத்தைத் தட்டுங்கள், அல்லது தூரத்திலிருந்து ஒரு பெரிய அட்டையை நடுவில் தள்ளுங்கள்.

பூனைக்கடி பார்க்க ஊசிகுத்து மாதிரி இருக்கும், ஆழம் உள்ளே இருக்கும். பல் மெலிசு, அதிலிருக்கும் பாக்டீரியா ஆழத்தில் தங்கிவிட, மேலே காயத்தின் வாய் மூடிக்கொள்கிறது. ஒரே நாளில் வீங்கிவிடும், கைவிரல் மூட்டில் பட்டால் இன்னும் மோசம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம், கட்டும் போடவேண்டாம். பிறகு ஆஸ்பத்திரி. ரேபிஸ் நாய்க்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். கடிபடுவதற்கு முன்பே முன்னெச்சரிக்கை ஊசி போட்டிருந்ததால் எனக்கு அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என இரண்டோடு முடிந்தது. போடாதவர்களுக்கு ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற, உடனே காப்புத் தரும் எதிர்ப்புமருந்தும் போடவேண்டும். தெருப்பூனைக்குத் தினம் சோறு வைப்பவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் அடிப்படை வைத்தியம் கருத்தடைதான். தாசில்தாருக்குப் போன ஆடியில் செய்தோம். பொறிக்கூண்டில் மீன் வைத்து, கதவு விழுந்த அடுத்த நொடி பழைய போர்வையால் முழுக்க மூடவேண்டும். இருட்டானதும் கம்பியில் மூக்கை இடிப்பதை நிறுத்திவிடும். டாக்டர் இடதுகாது நுனியைக் கொஞ்சம் வெட்டி அனுப்புவார். மறுபடி அதையே பிடிக்காமல் இருக்க அடையாளம். மறுநாளே சாந்தமாகிவிடாது, ஹார்மோன் வடிய வாரங்கள் ஆகும். திரும்பி வந்த அன்று ஆஸ்பத்திரி வாசனையோடு வந்தவரை மற்றவை அந்நியன் என்று நினைத்துத் துரத்தின. பாவம், தாசில்தார் சன்ஷேடில் நோஞ்சான்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்! இப்போது கன்னம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. மதில்மேல் கச்சேரி எப்போதாவதுதான்.

தூரத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். சில பூனைகள் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கும். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து, அப்படிக் கண்சிமிட்டுகிறவரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்குகின்றன என்று எழுதினார்கள். அவை வீட்டுப்பூனைகள். பட்டாணியிடம் பலிக்கிறது. மாமி முறைக்கிறாள்.

அவளுக்கும் இந்த மாசம் ஆபரேஷன். குட்டிகள் பால்குடி மறந்துவிட்டன. இன்னும் தள்ளிப்போட்டால் அடுத்த ஈடு வந்துவிடும். கூண்டுக்குச் சொல்லிவைத்தாயிற்று. நாலு ஆட்டோக்காரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஐந்தாமவர் மட்டும், "போர்வ நல்லா மூடியிருக்குமாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஐம்பது ரூபாய் கூடப் போட்டு வரச் சம்மதித்திருக்கிறார்.