கிள்ளான் ஆளுங்களுக்கு நம்ம வடசென்னை

கல்யாணம் ஆகி மலேசியாவுல இருக்கற கிள்ளான்லேந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்தப்புறம், ஊர்லேந்து யாராச்சும் வர்றாங்கன்னாலே வீட்டுக்காரர் கேக்கற முதல் கேள்வி மகாபலிபுரமா தி.நகரான்னுதான். இந்தவாட்டி ரெண்டும் கெடையாதுன்னு சொல்லிட்டேன். வந்தது என்கூட ஸ்கூல்ல படிச்ச செல்வியும் யோகாவும். செல்வியோட அம்மா கெளம்பறதுக்கு முன்னாடியே ஃபோன் போட்டு, "அந்த ஏரியாவா லா, படத்துல எல்லாம் கத்திய தூக்கிக்கிட்டு ஓடுறானுங்களே"ன்னு ஒரே பொலம்பல். சினிமாக்காரங்க புண்ணியத்துல இந்தப் பேர் கடல் தாண்டியும் போயிருக்கு.

ஏர்போர்ட்டுக்கு நான் போகவே இல்ல, மெட்ரோ ஏறி வாங்கடின்னுட்டேன். விம்கோ நகர் வரைக்கும் போற லைன், வண்ணாரப்பேட்டைக்கு அப்பால 2021லதான் நீட்டுனாங்க. பெட்டியோட ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசற தொல்லை மிச்சம்.

ஞாயித்துக்கிழம விடியறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் எழுப்பி காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பசியாறிட்டுப் போலாமேன்னு யோகா கெஞ்சுனா, நாத்தத்துல எப்படியும் வெளிய வந்துரும் வாடின்னேன். படகு வரிசையா நிக்குது, கூடை கூடையா எறக்கறாங்க, ஏலம் விடறவர் வேகத்துக்கு ரேட்டு நம்ம காதுல ஏறறதுக்குள்ள அடுத்த கூடைக்குத் தாவிடறார், கீழ ஐஸ் கரைஞ்ச தண்ணில செருப்பு வழுக்குது, பின்னாடி "வழி வுடு வழி வுடு"ன்னு தள்ளுவண்டி. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்ப வந்தா இந்தக் கூட்டத்துல பாதி கூட பாக்க முடியாது.

செல்வி ஒரு மீன்காரம்மா முன்னாடி நின்னு ஃபோன நீட்டிக்கிட்டே இருந்தா. "இன்னாம்மா, போட்டோவே புடிச்சிக்கினு இருக்க, மீனு வாங்கு." இவ உடனே "வஞ்சிரம் எவ்ளோ லா அக்கா?"ன்னா. அந்தம்மா ஏற எறங்கப் பாத்துட்டு எந்த ஊருன்னு கேட்டாங்க, மலேசியான்னதும் ரேட்டு ஒரே தாவா மேல ஏறிடுச்சு. நான் நடுவுல பூந்து, "இன்னாக்கா, நாங்க வண்ணாரப்பேட்டதான், நாளைக்கும் இங்கதான வரணும்"னதும் வந்த வழியே எறங்கிச்சு. வெட்டிக் குடுக்கறதுக்குத் தனியா காசு. அருவாமனை முன்னாடி உக்காந்திருக்கற பாட்டி, செவுள எடுத்து, வயித்தக் கீறி, துண்டு போட்டு கவர்ல தள்றவரைக்கும் மீனையே பாக்கல, பக்கத்துல யாரையோ திட்டிக்கிட்டே வேலைய முடிச்சுட்டாங்க. இதப் பாக்க டிக்கெட்டே போடலாம்.

யோகாவுக்கு வேற ஒரு கணக்கு இருந்துச்சு. அவ தாத்தா ராஜூலா கப்பல்ல போனவர். இங்க மெட்ராஸ் ஹார்பர்ல ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு, அப்புறம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், அதான் இப்ப நம்ம கிள்ளான் துறைமுகம். 1926ல கட்டுன கப்பல் எழுபதுகள் வரைக்கும் ஓடிச்சு, அப்புறம் எம்.வி. சிதம்பரம் வந்துச்சு, 1985ல தீப்பிடிச்சதோட அந்தக் கதையும் முடிஞ்சுது. தாத்தா ஏறுன எடத்தப் பாக்கணும்னா. பாஸ் இல்லாம உள்ள எப்படி விடுவாங்க? ராயபுரம் பக்கம் நின்னா மதில், மேல கிரேன், ரோடு பூரா கன்டெய்னர் லாரி. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டா. "கடல் எங்கம்மா?"ன்னு அவர் கேக்க, இவ லாரியா காட்டுனா. அவர் என்னமோ அதுக்கே கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டார்.

பக்கத்துலயே ராயபுரம் ஸ்டேஷன். 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கேர்ந்துதான் வாலாஜா ரோடுக்குக் கெளம்பிச்சு. பெரிய பெரிய தூணோட அரண்மனை கணக்கா இருக்கு, ஆனா ஏறி எறங்க ஆளக் காணோம். வேற ஊரா இருந்தா டூரிஸ்ட் பஸ் வரிசைல நிக்கும்.

தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலுக்கும் போனோம். 1677ல சிவாஜி வந்து கும்பிட்டதா சொல்ற கோயில், பாரதியும் வந்து போன எடம். சவுகார்பேட்டைல ஜிலேபி சாப்ட்டோம், கூட்டம் தாங்கல, ஓடி வந்துட்டோம்.

சாயந்திரம் பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச்ல அத்தோ. அறுபதுகள்ல பர்மாலேந்து தொரத்திவிட்ட தமிழாளுங்க கொண்டாந்த சாப்பாடு, பஜாரும் அவங்க போட்டதுதான். செல்வி எங்க ஊர் மீ கோரேங் நூடுல்ஸ் மாதிரி வாணல்ல பெரட்டுவாங்கன்னு எதிர்பாத்தா. இங்க கையாலதான் பெசயறது. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், கோஸ், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மொளகாத்தூள், மேல பேஜோங்கற மொறுமொறு அயிட்டத்த நொறுக்கிப் போட்டு ஒரு அழுத்து. கூட வாழத்தண்டு சூப் சுடச்சுட. வெங்காயம் திணிச்ச முட்டை மசாலாவ அப்படியே வாயில போட்டுக்கணும், கடிச்சுத் தின்னா பாதி சட்டைலதான். யோகா ரெண்டாவது தட்டு வாங்குனா. செல்வி மட்டும் எங்க ஊர் மொளகா சட்னி, அதான் சம்பால், கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்னா, கடைக்காரர் காதுல விழாத அளவுக்கு நல்லவேளையா மெதுவாத்தான் சொன்னா.

கடைசி நாள் அம்மாங்க குடுத்த பொடவ லிஸ்ட எடுத்துக்கிட்டு ரெண்டும் தி.நகருக்குக் கெளம்பிடுச்சுங்க. நான் போகல, வீட்டுக்காரரத்தான் அனுப்பி வெச்சேன். அவருக்குத்தான ஆசை, பையத் தூக்கட்டும்.