26 மரை

ஜூன் 4

கொக்கு தப்பித்துவிட்டது, அப்பாவின் ராலே சைக்கிளின் பல்சக்கரத்தில் வெட்டியிருக்கிற கொக்கு உருவம். விபத்துக்குப் பிறகு அப்பா கண் விழித்ததும் முதலில் கேட்டது அதைத்தான். வண்டி இடப்பக்கம்தான் விழுந்திருக்கிறது, பல்சக்கரத்தில் ஒரு பல்கூட வளையவில்லை என்றேன். மெல்லத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 5

இன்று பகல் முழுக்க அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன்.

முன் சக்கரம் போயே போய்விட்டது. ரிம் ஒரு பக்கம் மடங்கிவிட்டது, கோட்டம் எடுக்கிற நிலையெல்லாம் தாண்டியாயிற்று. பெடலைத் தாங்குகிற இடது கிராங்க் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. பிரேக் கம்பியில் ஒரு மடிப்பு. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்னால் தள்ளிவிட்டதால் சக்கரத்துக்கும் கீழ்க்குழாய்க்கும் நடுவே விரல் நுழையவே இடமில்லை.

எனக்குப் பயம் ஃபிரேமைப் பற்றித்தான். நேருக்கு நேர் மோதினால், ஹேண்டில் குழாயை ஒட்டிய லக் என்கிற மூட்டுக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் தோல் சுருங்கின மாதிரி ஒரு மேடு எழும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பத் தடவினேன். மேல்குழாயிலும் தடவினேன். வழவழவென்றுதான் இருக்கிறது. பிறகு பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறு முனைக்குக் கொண்டுபோய், சீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தேன். இரண்டும் ஒரே அளவு.

ஃபிரேம் நேராக இருக்கிறது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நடுக்கம் ஃபிரேமுக்காக இல்லை.

ஜூன் 6

ஆபரேஷன் முடிந்தது. இடுப்பில் பிளேட், திருகாணிகள். தூங்குகிறார்.

ஜூன் 8

அண்ணன் பேசினான். “புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம், இதைப் போய் ஏன் கட்டிக்கிட்டு அழற?” அவன் சொல்வதில் அன்புதான் இருக்கிறது, தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு வெகுநேரம் கோபம் தணியவில்லை. இந்த வண்டியின் பின் சக்கரத்து நடுவிலுள்ள ஹப்பில் “ஏடபிள்யூ 58 3” என்று பொறித்திருக்கிறது. 1958, மார்ச் மாதம் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். நேற்றைக்கு முந்தைய நாள் வரை அது ஓடிக்கொண்டிருந்தது என்று எழுத வந்தேன், ஆனால் விபத்து நடந்து அதற்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு நாள் கிழமை எல்லாம் குழம்புகிறது.

ஜூன் 10

ஃபோர்க்கைக் கழற்றினேன். மேலே இருபத்தைந்து, கீழே இருபத்தைந்து பால்ரஸ், எல்லாம் 5/32 அங்குலம். விழுந்ததையெல்லாம் எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன்.

மரை அளக்கும் கேஜை, ஹேண்டில் குழாய்க்குள் போகிற ஃபோர்க் தண்டில் வைத்துப் பார்த்தேன். 24 என்று போட்ட தகட்டை வைத்தால் முதல் சில பற்கள் உட்காருகின்றன, அப்புறம் தூக்கிக்கொள்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கு தெரிகிறது. 26 தகட்டை வைத்தேன். ஒரு இழை வெளிச்சம்கூட இல்லாமல் அப்படியே படிந்துவிட்டது.

படித்தது சரிதான். மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை போட்ட காலத்தில், ராலே தன் நாட்டிங்ஹாம் தொழிற்சாலை வண்டிகளுக்கு 26 போட்டது. ஃபோர்க் தண்டிலும் அப்படி, கிராங்க் அச்சின் கப்பிலும் அப்படி. தன் வண்டிக்குத் தன் பாகம்தான் என்று இருந்திருக்கிறார்கள். தொழிற்சாலை நடந்தவரைக்கும் யாருக்கும் கவலை இல்லை. இப்போது நான் உட்கார்ந்து தேடுகிறேன்.

ஜூன் 11

தூக்கம் இல்லை.

ஜூன் 12

பழைய ஃபோர்க்கையே நிமிர்த்திவிட்டால் என்ன? இரண்டு நாளாக இதே நினைப்பு. இரும்புதானே, ஒரு தரம் வளைந்ததை ஒரு தரம் நிமிர்த்தலாம். கால்கள் மட்டும் வளைந்திருந்தால் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. தண்டு வளைந்திருந்தால்தான் கூடாது.

பெயின்டைச் சுரண்டிவிட்டு, இரண்டு கால்களும் சேரும் கிரௌனுக்கு மேலே தண்டின் அடியில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டேன். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தேன். வெள்ளையாக இருந்தது. காத்திருந்தேன். பின்பக்கம் தலைமுடி அளவுக்கு ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் சாக்பீஸில் ஊறி வருகிறது. கோடு தண்டின் கால் சுற்று அளவுக்கு ஓடுகிறது.

ஜூன் 13

துடைத்துவிட்டு மறுபடி தடவிப் பார்த்தேன். மறுபடி வந்தது.

ஜூன் 16

இன்று முழுக்கத் தேடல். எழுதி வைத்தால்தான் மண்டை அடங்கும்.

ஒருவர் 24 மரை ஃபோர்க் தருகிறேன், பழைய நட்டை அழுத்தித் திருகினால் ஏறிவிடும் என்கிறார். ஏறாது. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் கடிக்கும், அதற்கு மேல் திருகினால் இரண்டு மரையும் ஒன்றையொன்று தின்றுவிடும். இன்னொருவர் 24-இன் மேலேயே மரை வெட்டுகிற 26 டை ஓட்டலாம் என்கிறார். ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேட்டை வெட்டினால் மிஞ்சுவது பாதி மரை. அந்தப் பாதி மரையை நம்பியா அவர் ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும்?

மூன்றாவது ஒருவரிடம் ராலே ஸ்போர்ட்ஸ் ஃபோர்க் இருக்கிறது. மரை 26, சந்தேகமே இல்லை. ஆனால் அது 26 அங்குலச் சக்கரத்துக்கு. ரிம் அளவு 590 மில்லிமீட்டர். அப்பா வண்டி 28×1½, ரிம் 635. ஆரத்திலேயே இருபத்திரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். சக்கரம் கிரௌனில் முட்டும்.

ஃபோர்க்கும் பால்ரஸ் உட்காரும் கப்பும் நட்டுமாக மொத்தச் செட்டையே 24 மரைக்கு மாற்றிவிடலாம் என்பதுதான் நியாயமான யோசனை. ஃபிரேமில் கப் அழுத்தி உட்காருவதுதான், அங்கே மரை கிடையாது. பொருந்தினால் ஓடவும் செய்யும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அவர் கண்டுபிடிப்பார். கையை வைத்த உடனே கண்டுபிடிப்பார். இப்போது அவரிடம் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். படுக்கை வேறு, செருப்பு வேறு, குளியலறையில் கம்பி வேறு, இடுப்புக்குள் பிளேட் வேறு. இதையாவது மாற்றாமல் வைக்கிறேன்.

ஜூன் 17

கிடைக்கவில்லை.

ஜூன் 19

வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தார். ஜன்னலில் நின்று கீழே வண்டிகள் போவதைப் பார்த்தார். திரும்பும்போது முகம் வெளிறிப்போயிருந்தது. “ஃபோர்க் கிடைச்சுதாம்மா?” என்றார். தேடிக்கிட்டிருக்கேன்ப்பா என்றேன். “அவசரமில்ல” என்றார். அவர் அவசரமில்லை என்று சொன்னதுதான் ராத்திரி முழுக்க உறுத்துகிறது.

ஜூன் 22

ஒருவரிடம் இருக்கிறது!! இங்கிலாந்தில், பழைய சைக்கிள் பாகங்கள் சேர்க்கிறவர். 28 அங்குல ரோட்ஸ்டர் ஃபோர்க், கம்பியால் இழுக்கும் ராட் பிரேக் வண்டியிலிருந்து எடுத்தது என்கிறார். மரை எத்தனை என்று கேட்டால் “ராலே மரை” என்று பதில். அது போதாது. மரை மேல் ஸ்கேலை வைத்து, அரை அங்குலத்துக்குள் எத்தனை மேடு என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 13 என்றால் வாங்குகிறேன், 12 என்றால் வேண்டாம்.

ஜூன் 23

படம் வந்தது. மங்கல். மேடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒரு தரம் எண்ணினால் 13, அடுத்த தரம் 12.

ஜூன் 24

வேறு படம் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை சும்மா உட்கார முடியாமல் இடது கிராங்கில் கை வைத்தேன்.

கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைக் கழற்றுவது பொறுமை வேலை. முந்தின ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். நட்டை முழுக்கக் கழற்றாமல் பின்னின் நுனியோடு சமமாக நிற்கும் அளவுக்குத் தளர்த்தினேன், அப்போதுதான் அடிக்கும்போது மரை நசுங்காது. கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துத் தரையில் ஊன்றினேன். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற பால்ரஸில் போய் விழும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே போடு. தட்டித் தட்டி அடித்தால் பின் காளான் மாதிரி விரிந்துகொண்டு அதற்கப்புறம் வரவே வராது.

வந்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள்.

புதுப் பின் 9.5 மில்லிமீட்டர். கடையில் வருகிற பின்னின் சரிவு இந்த அச்சுக்கு அப்படியே பொருந்தாது, அரத்தால் ராவி உட்கார வைக்க வேண்டும். மாற்றுக் கிராங்குக்கு அலையவில்லை. இடது கிராங்கில் கொக்கு கிடையாது, அதே நீளத்தில் அதே பின் அளவில் எது வந்தாலும் சரி.

ஜூன் 25

13. படம் பளிச்சென்று இருக்கிறது. அம்மாவையும் எண்ணச் சொன்னேன். அவளும் 13 என்றாள். பணம் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 30

முன் ரிம் கிடைத்தது. இதற்கு இவ்வளவு சுலபமாக விடை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. 28×1½ அளவில் டயரும் ரிம்மும் இந்தியாவில் இன்றும் செய்கிறார்கள். வெஸ்ட்வுட் ரிம், 32 துளை. ராட் பிரேக்குக்கு வெஸ்ட்வுட்தான் வேண்டும், ஏனென்றால் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, உள்பக்கம் மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கும். பழைய ஹப், புதுக் கம்பிகள், புது ரிம். ரிம் தேயும், மாறும், அதற்காகவே செய்த பொருள். ஃபோர்க் அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கணக்கு சரிதானா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

ஜூலை 3

பார்சல் சுங்கத்தில் நிற்கிறது.

ஜூலை 4

நிற்கிறது.

ஜூலை 7

பிசியோதெரபிக்கு வருகிறவரிடம் வாசலில் வைத்துக் கேட்டேன், சைக்கிள் ஓட்ட முடியுமா என்று. முதலில் கைத்தடியோடு படி ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். முடியாது என்று சொல்லவில்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி பின் ஹப்பைப் பற்றிக் கவலை. விழுந்த வேகத்தில் கியர் கேபிள் இழுபட்டிருக்கிறது. ஏடபிள்யூ ஹப்பில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் சரியாக இல்லாவிட்டால் ஹப் அங்கே போய் நின்றுவிடும். அப்போது பெடலை மிதித்தால் பிடிமானமே இல்லாமல் கால் முன்னால் பாயும். நின்றுகொண்டு மிதிக்கிறவர் நேரே பாரில் விழுவார். இடுப்பில் பிளேட் வைத்தவர்.

எழுந்துபோய் விளக்கைப் போட்டேன். லீவரை இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கிற துளை வழியாகப் பார்த்தேன். உள்ளே இருக்கிற கம்பியின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. கேபிள் நட்டைத் திருகித் திருகி இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்தைத் தூக்கி மூன்று கியரிலும் மாற்றி மாற்றிச் சுழற்றினேன். எங்கும் நழுவவில்லை. டிக் டிக் சத்தம் சீராக இருக்கிறது. அப்பாவின் அறையிலிருந்து குரல் வந்தது: “ரெண்டாவதுலயே வச்சுப் பாத்தியா?”

ஆமாப்பா.

ஜூலை 8

தடியோடு இரண்டு படி ஏறினார். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 9

அண்ணன் வந்திருந்தான். எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து மட்கார்டு துருவைத் தேய்த்துக்கொடுத்தான்.

ஜூலை 12

வந்துவிட்டது. அட்டையைப் பிரித்ததும் கேஜைக்கூடத் தேடவில்லை, பழைய நட்டை எடுத்து விரல் நுனியால் சுற்றினேன். தடங்கலே இல்லாமல் அடிவரை இறங்கியது. மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போட்டுப் பார்த்தேன், கோடு எதுவும் வரவில்லை. பழைய தண்டைவிட இது அரை அங்குலம் நீளம். மரை நன்றாகக் கீழே வரை வெட்டியிருக்கிறது, அதனால் நீளத்தைக் குறைத்துவிடலாம். குட்டையாக இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அப்பாவின் மடியில் கொண்டுபோய் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால்கள் இரண்டும் ஒரே வளைவில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோட்டம் விட்டார். “கறுப்பு அடிக்காத, இருக்கிற பெயின்ட் இருக்கட்டும்” என்றார். இது கரும்பச்சை. வண்டி கறுப்பு. சரி என்றேன்.

ஜூலை 13

தண்டை வெட்டும் முன் பழைய நட்டை ஏற்றி வைத்துக்கொண்டு வெட்டினேன். வெட்டிய பிறகு பிசிறை ராவிவிட்டு நட்டைக் கழற்றினால், வரும்போதே மரையை நேராக்கிக்கொண்டு வந்துவிடும். கீழே பால்ரஸ் ஓடும் வளையமான கிரௌன் ரேஸ் உட்கார்ந்தாயிற்று. கிரீஸ், கீழே இருபத்தைந்து பால்ரஸ். மேலே எண்ணும்போது இருபத்து நான்குதான் இருக்கிறது. ஒன்று எங்கோ உருண்டிருக்கிறது. பழையதோடு புதுசு ஒன்றைக் கலக்கக் கூடாது, தேய்மானம் வேறுபடும், அதனால் மொத்தமாகப் புதுச் செட் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் வரும். அதற்குள் கிராங்க் பின்னை ராவி முடித்துவிட வேண்டும். அப்பா தானே ராவுகிறேன் என்கிறார், உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலைதானே என்கிறார்.