வேட்டை நிலத்தில் புதர் வெட்டுகிறோம் என்று எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், பனியுகத்துப் பனிப்பாறைகள் மிதிக்காமல் விட்டுப்போன ஒரு பகுதி இருக்கிறது. ஒரே மேடும் பள்ளமும். அங்கே என் நண்பருக்குச் சொந்தமான நிலத்தில்தான் நாங்கள் மான் வேட்டைக்குப் போகிறோம். முன்பு பால்மாடுகள் மேய்ந்த நிலம் அது, மாடுகளை விற்றபிறகு புதர் மண்டிப்போனது. பக்தார்ன், ஹனிசக்கிள், மல்டிஃப்ளோரா ரோஜா மூன்றும் பின்னிக்கொண்டு, ஆள் நுழைய முடியாது. மூன்றுமே வெளியிலிருந்து கொண்டுவந்தவை. அந்த முள் ரோஜாவை 1930களில் அரசாங்கமே உயிர்வேலிக்கு நல்லது, மண் அரிப்பைத் தடுக்கும் என்று விவசாயிகளை நடச்சொன்னது, இப்போது அதை ஒழிக்க எல்லோரும் பாடுபடுகிறோம்.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது டிராக்டரில் மாட்டிய பூம் மோவர். நீளமான ஹைட்ராலிக் கை, அதன் நுனியில் சுழலும் வெட்டுத்தலை. டிராக்டர் பாதையிலேயே நிற்கும், கை மட்டும் நீண்டு சரிவிலும் ஓடைக்கரையிலும் உள்ள புதரை வெட்டும். பின்னால் இழுத்துப்போகும் சாதாரண மோவரை இந்தச் சரிவுகளில் ஏற்றினால் டிராக்டர் உருண்டுவிடும், அதனால் இந்த நிலத்துக்கு இதுதான் சரி.

ஆனால் இந்த மெஷின் கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் ஒரு வேகம் வரும். ஓரத்தையெல்லாம் வழித்து, பூங்கா மாதிரி ஆக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெள்ளைவால் மான் வாழ்வது காடும் வெளியும் சந்திக்கிற அந்த ஓரத்தில்தான். பகலில் படுக்க அடர்த்தி வேண்டும், தின்பதற்கு இளந்துளிர் வேண்டும். எங்கள் நிலத்தில் காட்டு பிளாக்பெர்ரிக் கொடி, டாக்வுட், ஹேசல் எல்லாம் உண்டு. பார்வைக்கு அவையும் வெறும் புதர்தான், ஆனால் குளிர்காலத்தில் மானுக்குச் சாப்பாடு அதுதான். வேலைக்கு முந்தின வாரம் நடந்துபோய், விட்டுவைக்க வேண்டியவற்றில் கலர் ரிப்பன் கட்டிவிடுகிறோம். கேபினுக்குள் உட்கார்ந்தபிறகு எது எந்தச் செடி என்று பிரித்துப்பார்க்க நேரமிருக்காது. ஓரத்தையும் நேர்கோடாக வெட்டுவதில்லை, உள்ளே கொஞ்சம் வளைத்து, வெளியே கொஞ்சம் விட்டு, அலை அலையாகப் போகிறோம்.

இந்த மாநிலத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. மவுண்ட் ஹோரெப் அருகே சுடப்பட்ட மான்களில் சி.டபிள்யூ.டி. என்கிற மூளை நோய் இருப்பது 2002-இல் தெரியவந்தது. ஒரே இடத்தில் மான்கள் கூடி மூக்கோடு மூக்கு உரசினால் நோய் பரவும் என்பதால், பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் தீவனம் கொட்டி மானை வரவழைக்கத் தடை. அப்படியென்றால் மானுக்கு நாம் செய்யக்கூடியது என்ன? நிலத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதுதான்.

எப்போது வெட்டுவது? இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. மே கடைசியிலும் ஜூனிலும் மான் குட்டி போடும். குட்டியைத் தாய் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப்போகும், எது கிட்ட வந்தாலும் அந்தக் குட்டி ஓடாது, இன்னும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். டிராக்டர் சத்தத்துக்கும் அதே கதைதான். காட்டு வான்கோழியும் அந்த நேரத்தில் இதே புதரடியில்தான் முட்டையிட்டு அடைகாக்கும். விஸ்கான்சினில் அந்தப் பறவை ஒரு காலத்தில் அடியோடு அழிந்துபோய், 1976-இல் மிசௌரியிலிருந்து கொண்டுவந்து திரும்பவும் விட்டார்கள், பதிலுக்கு இங்கிருந்து ரஃப்டு க்ரௌஸ் பறவைகளைக் கொடுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டு மீட்ட பறவையின் கூட்டில் பிளேடை இறக்க எனக்கு மனம் வராது.

ஓக் மரமும் ஒரு காரணம். ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக் கிளையில் காயம் படக்கூடாது. சாறு வடியும் வாசனைக்கு வரும் சின்ன வண்டுகள் ஓக் வில்ட் என்ற பூஞ்சையைக் கொண்டுவந்து சேர்க்கும். சிவப்பு ஓக் என்றால் சில வாரங்களிலேயே மொத்த மரமும் போய்விடும், அப்புறம் வேர் வழியாகப் பக்கத்து மரம். பூம் மோவர் கிளையை ரம்பம் மாதிரி சுத்தமாக அறுக்காது, நார் நாராகக் கிழிக்கும், எனவே ஆபத்து இன்னும் அதிகம். அதனால் பெரிய வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் தரை உறைந்திருக்கும்போதே முடித்துவிடுகிறோம். சக்கரம் புதையாது, விழுந்த கிளைகளின் மொட்டுகளைத் தின்ன அன்றிரவே மான் வந்துவிடும். குளிரில் ஹைட்ராலிக் ஆயில் கெட்டியாக இருக்கும், கையை வேலைக்கு விடுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குவது நல்லது.

வெட்டியதோடு வேலை முடியவில்லை. நம் ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரிதான் இந்தப் பக்தார்னும், வெட்ட வெட்டத் தழைக்கும், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஒரு கொத்து வரும். மோவர் போன பின்னால் ஒருவர் ரம்பத்தோடு நடந்து, கிழிந்த அடித்தண்டைச் சமமாக அறுத்து உடனே களைக்கொல்லி மருந்து தடவ வேண்டும். தப்பித்தவற்றை நவம்பரில் பிடிக்கலாம். மற்ற செடியெல்லாம் இலை உதிர்த்து நிற்க, பக்தார்னும் ஹனிசக்கிளும் மட்டும் பச்சையாக இருக்கும், தேடவே வேண்டாம். இந்த இரண்டாம் கட்ட வேலைக்கு ஆளில்லை என்றால் மெஷினை வாடகைக்கு எடுக்காமலிருப்பதே மேல், ஏனென்றால் முன்பைவிட அடர்த்தியாகத்தான் திரும்ப வளரும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையை முழுதாக நீட்டினால் அந்தத் தலையின் எடை டிராக்டரையே ஒரு பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கச் சக்கரத்தில் எடை மாட்டியே ஆகவேண்டும், பள்ளத்துப் பக்கம் கையை நீட்டுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். சீட் பெல்ட் கட்டாயம். சுழலும் தலை கல்லையும் கட்டையையும் வெகுதூரம் வீசும், நூறு மீட்டருக்குள் யாரையும் நிற்க விடுவதில்லை. ஹைட்ராலிக் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம். கோடையில் வெட்டினால் மஞ்சள் பூ பூக்கும் காட்டு பார்ஸ்னிப்பைக் கவனியுங்கள். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளிக்கும், மோவர் அந்தச் சாற்றைத் தூவானமாக அடிக்கும்.

சுடுவதற்கான பார்வைப் பாதைகளை மட்டும் ஆகஸ்டில் திறக்கிறோம். செப்டம்பர் நடுவில் வில் வேட்டை தொடங்கும், அதற்குள் மான்கள் புது வெட்டுக்குப் பழகிவிடும். அகலமாக வேண்டாம், டிராக்டர் போகும் அகலம் போதும். வரும் பிப்ரவரியில் வடக்கு ஓரத்தை எடுக்கப்போகிறோம். அங்கே மாட்டுவேலியின் பழைய முள்கம்பி புதருக்குள் எங்கெங்கோ புதைந்து கிடக்கிறது, வெட்டுத்தலையில் சுற்றினால் பேரிங்கும் சீலும் எல்லாம் போய்விடும், அதனால் பனி விழுவதற்கு முன்பே அதை இழுத்துச் சுருட்டியாக வேண்டும்.